முழு உடல் ஸ்கேனின் பூர்வோத்தரம்

ஆலங்குடிக்கு அப்பால், செம்மண் கொல்லைகளுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் நடுவே அமைந்திருக்கும் கீரமங்கலத்தை வெளியூரார் இரண்டு காரணங்களால் அறிவார்கள். ஒன்று, மல்லிகையும் முல்லையும் கனகாம்பரமும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் அதன் பூக் கமிஷன் கடைகள். மற்றொன்று, மெய்நின்றநாதர் ஆலயத்தில் 81 அடி உயரத்துக்கு எழுந்து நிற்கும் சிவபெருமான் சிலை. நக்கீரரோடு தன்னைச் சம்பந்தப்படுத்திப் பெருமைப்பட்டுக்கொள்ளும் ஊர் அது. புலவருக்கும் அங்கே சிலை உண்டு. தெய்வமே சொன்னாலும் சோதித்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாத ஒருவரைக் கொண்டாடும் ஊரில், மனித தேகம் முழுவதையும் ஒரே தடவையில் யந்திரத்தால் பார்த்துவிடலாம் என்று இந்நாளில் பிரசாரம் செய்யப்படும் வாக்குறுதியையும் கொஞ்சம் சோதித்துப் பார்ப்பது தகாத காரியம் ஆகாது.

‘முழு உடல் பரிசோதனை’ என்ற விளம்பரம் இன்று சிற்றூர் ரத்தப் பரிசோதனை நிலையங்களின் வாசலில்கூடத் தொங்குகிறது. அவற்றில் பெரும்பாலானவை ரத்தமும் சிறுநீரும் வாங்கிக்கொண்டு சர்க்கரை, உப்பு, கொழுப்பு என்று அறுபது எழுபது எண்களை அச்சிட்டுக் கொடுப்பவை. தேகத்தின் உள்ளே அவை எட்டிப் பார்ப்பதில்லை. உச்சி முதல் உள்ளங்கால் வரை சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. யந்திரத்துக்குள் ஆளைச் செலுத்திப் படம் எடுப்பது வேறு சங்கதி. அது பெருநகரங்களுக்கு உரியது, பெருந்தொகையும் கேட்பது. சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ சம்பாதிக்கும் பிள்ளைகள் ஊரில் இருக்கும் தாய் தகப்பனுக்கு அன்பின் அடையாளமாக அந்தச் செலவைச் செய்ய முன்வருகிறார்கள். அவர்களுடைய அன்பைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் நோய் இல்லாதவர்களை வரிசையில் நிறுத்தி உள்ளே பார்க்கும் இந்தக் காரியம் நேற்றுத் தோன்றியதன்று. அதற்கு ஒரு சரித்திரம் உண்டு, அதில் நம் தேசத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் கணிசமான பங்கும் உண்டு. பணம் கட்டுவதற்கு முன் அந்தச் சரித்திரத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

யந்திரம் வருவதற்கு முன்பு உட்புறத்தை வெளிப்புறத்திலிருந்தே ஊகித்தார்கள். சித்த வைத்தியர் நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்ற எட்டையும் பார்த்தார். ரோகியின் சிறுநீரில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, அது பாம்பாக நீண்டால் வாதம், மோதிரமாக வளைந்தால் பித்தம், முத்தாக நின்றால் கபம் என்று தீர்மானித்தார். அந்தத் தீர்மானங்கள் எந்த அளவுக்கு மெய்யானவை என்ற விவாதம் இங்கே வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனித்தால் போதும்: வைத்தியர் முன் வந்து உட்கார்ந்தவன் ஏதோ ஒரு உபாதையைச் சொல்லிக்கொண்டு வந்தவன். சௌக்கியமாக வயலில் ஏற்றம் இறைத்துக்கொண்டிருந்தவனை அழைத்து வந்து யாரும் நாடி பார்க்கவில்லை.

1895-ஆம் வருஷம் நவம்பர் 8-ஆம் தேதி ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க் நகரத்துப் பேராசிரியர் ரான்ட்ஜென் கண்ணுக்குப் புலப்படாத ஒரு கதிரைக் கண்டுபிடித்தார். டிசம்பர் 22-ஆம் தேதி தம் மனைவியின் கையை அதன் முன் வைத்து, எலும்பும் மோதிரமும் மட்டும் தெரியும் படத்தை எடுத்தார். 1901-இல் பௌதிகத்துக்கான முதல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெற்றுப் பணம் சேர்க்க அவர் விரும்பவில்லை. பின்னாளில் இதே துறையில் குவிந்த வியாபாரத்தைப் பார்க்கும்போது அந்த மனிதருடைய நிஸ்பிருகம் மிகவும் உயர்ந்ததாகத் தோன்றுகிறது. சென்னைப் பொது ஆஸ்பத்திரியில் காப்டன் பார்னார்டு என்பவரின் முயற்சியால் கதிரியலுக்கென்றே ஒரு தனி ஸ்தாபனம் 1934-இல் திறக்கப்பட்டது. பார்னார்டு இன்ஸ்டிடியூட் என்று அவர் பெயராலேயே அது வழங்கலாயிற்று. தென்னாட்டுக் கதிரியல் வைத்தியர்களில் பல தலைமுறையினருக்கு அதுவே குருகுலம். ஆனாலும் அங்கே படம் எடுக்கப்பட்டவர் யார்? எலும்பு முறிந்தவர், இருமலில் ரத்தம் கக்கியவர், குண்டூசியை விழுங்கிய குழந்தை. ஒரு கேள்வியோடு ஆள் வந்தான். படம் அந்தக் கேள்விக்கு விடை சொன்னது.

கேள்வி இல்லாதவர்களையும் படம் பிடிக்கும் யோசனை க்ஷய ரோகத்தால் வந்தது. பிரேஸில் தேசத்து வைத்தியரான மானுவேல் டி அப்ரூ, 1936-இல், ஒளித்திரையில் விழும் மார்பின் நிழலைச் சிறிய பிலிமில் போட்டோ எடுக்கும் உபாயத்தைக் கண்டார். ஒரு பெரிய படத்துக்கு ஆகும் செலவில் பல சிறிய படங்கள் எடுக்கலாம் என்று ஆனதும், தேசங்கள்தோறும் பள்ளிக்கூடங்களிலும் தொழிற்சாலைகளிலும் ஜனங்களை வரிசையாக நிறுத்தி மார்பைப் படம் எடுத்தார்கள். இந்தியாவில் 1955 முதல் 1958 வரை நடந்த க்ஷயரோக மாதிரிக் கணக்கெடுப்பில், எக்ஸ்ரே யந்திரம் பொருத்திய வண்டிகள் பட்டணங்களுக்கு மட்டுமல்லாமல் கிராமங்களுக்கும் சென்றன. காற்றோட்டமான கிராமத்தில் க்ஷயம் குறைவு, நெருக்கமான நகரத்தில்தான் அதிகம் என்று அதுவரை நம்பிவந்த நம்பிக்கையை அந்தக் கணக்கெடுப்பு உடைத்தது; இரண்டு இடத்திலும் நோய் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. இத்தனை பெரிய உண்மையைக் கண்டுபிடித்துக் கொடுத்த வண்டியைக் கிராமம் கிராமமாக ஓட்டிக்கொண்டே இருந்திருக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். ஓட்டவில்லை. ஏன் என்பதில்தான் நமக்கு வேண்டிய பாடமெல்லாம் இருக்கிறது.

முதற் காரணம் படத்தைப் படிப்பவர்களைப் பற்றியது. ஒரே மார்புப் படத்தைத் தேர்ந்த நிபுணர்கள் இருவரிடம் கொடுத்தால் ஒருவர் நோய் என்றார், மற்றவர் இல்லை என்றார். சில மாதம் கழித்து அதே படத்தை அதே நிபுணரிடம் நீட்டினால் தம் பழைய தீர்ப்பைத் தாமே மாற்றிச் சொன்னதும் உண்டு. 1940-களில் அமெரிக்காவில் இதை ஆராய்ந்து வெளியிட்டபோது வைத்திய உலகம் சங்கடப்பட்டது. இரண்டாவது காரணம் நம் தேசத்திலேயே கிடைத்தது. 1959-இல் பெங்களூரில் நிறுவப்பட்ட தேசிய க்ஷயரோக ஸ்தாபனத்தைச் சேர்ந்த பானர்ஜியும் ஆண்டர்சனும் தும்கூர் ஜில்லாக் கிராமங்களில் விசாரித்து, நோயுள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே ஏதோ ஒரு வைத்தியரிடம் போய் இருமலைச் சொல்லியிருக்கிறார்கள் என்று 1963-இல் வெளியிட்டார்கள். அந்த வைத்தியர்கள் இருமல் மருந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்! நோயாளி ஒளிந்துகொண்டிருக்கவில்லை, வாசலில் வந்து நின்றான். அவன் சளியை ஒரு கண்ணாடித் துண்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கத்தான் ஆள் இல்லை. மூன்றாவது காரணம் சென்னையுடையது. 1956-இல் ஏற்பட்ட சென்னை க்ஷயரோக சிகிச்சை ஆராய்ச்சி நிலையம், தாம்பரம் போன்ற சானடோரியங்களில் படுக்கவைத்துச் சத்துணவு கொடுத்துப் பார்த்த சிகிச்சைக்கும், நெருக்கமான குடிசையில் இருந்துகொண்டே மாத்திரை சாப்பிட்ட சிகிச்சைக்கும் குணத்தில் பேதமில்லை என்று 1959-இல் நிரூபித்து உலகத்தை வியக்கச் செய்தது. ஆக, பணத்தைப் போட வேண்டிய இடம் மாத்திரையும் சளிப் பரிசோதனையுமே என்பது தெளிவாயிற்று. 1974-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு, கண்மூடித்தனமாக எல்லோரையும் எக்ஸ்ரே எடுக்கும் வழக்கத்தைக் கைவிடும்படியே சொல்லிவிட்டது.

கைவிட்டது நிரந்தரமாகவும் இல்லை என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் ஒருதலைப்பட்சமாக எழுதியவன் ஆவேன். 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய க்ஷயரோகக் கணக்கெடுப்பில் எக்ஸ்ரே வண்டிகள் மறுபடியும் புறப்பட்டன. அறிகுறியை மட்டும் கேட்டிருந்தால் நோயாளிகளில் 42.6 சதவீதம் பேர் தப்பிப் போயிருப்பார்கள் என்று அந்தக் கணக்கெடுப்பு சொல்லிற்று. ஆனால் இந்தத் தடவை படத்தில் நிழல் கண்டவனை அப்படியே விட்டுவிடவில்லை. சளியில் கிருமி இருக்கிறதா என்று உடனே பார்த்தார்கள், இருந்தால் கொடுக்க நிச்சயமான மருந்தும் கையில் இருந்தது. தேடும் நோய் ஒன்று, அதை உறுதிப்படுத்தும் வழி ஒன்று, தீர்க்கும் மருந்து ஒன்று. இம்மூன்றும் கூடியபோது யந்திரம் மதிப்புப் பெற்றது.

புதுக்கோட்டை ஜில்லாவின் கிழக்குப் பகுதியில், நோயில்லாமல் எடுக்கும் படம் எப்படிப்பட்டது என்பதை எந்தப் புத்தகமும் இல்லாமலே அறிந்த குடும்பங்கள் உண்டு. வளைகுடாவுக்குப் புறப்படும் இளைஞன் ‘மெடிக்கல் போட’ப் போகிறான், அங்கே மார்பு எக்ஸ்ரே கட்டாயம். சிறுவயதில் வந்து ஆறிப்போன க்ஷயத்தின் தழும்பு ஒன்று நுரையீரலில் தென்பட்டால் அவன் ‘அன்ஃபிட்’. இருமலில்லை, காய்ச்சலில்லை, மரமேறித் தேங்காய் பறிக்கும் வலு இருக்கிறது. ஆனாலும் ஏஜெண்டுக்குக் கொடுத்த முன்பணம் போய்விடும், அதற்காக வாங்கிய கடனின் வட்டி மட்டும் நிற்கும். தழும்பால் அவன் தேகத்துக்கு யாதொரு தீங்குமில்லை. தழும்பு கண்ணில் பட்டதால் அவன் வாழ்க்கைக்குத் தீங்கு வந்தது. இந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு முழு உடல் ஸ்கேனைப் பற்றி யோசித்தால் பாதி விஷயம் தானே விளங்கிவிடும்.

அந்த ஸ்கேன் யந்திரங்களின் பிறப்பைச் சுருக்கமாகவே சொல்லலாம். கிராமபோன் தட்டு வெளியிட்டுப் புகழ்பெற்ற ஈ.எம்.ஐ. கம்பெனியில் வேலை பார்த்த ஹவுன்ஸ்பீல்டு, எக்ஸ்ரேயைச் சுற்றிலுமிருந்து செலுத்திக் கணக்கிட்டுத் தேகத்தைக் குறுக்கே வெட்டியதுபோன்ற படம் வரைய வழி கண்டார். லண்டனில் அட்கின்ஸன் மார்லி ஆஸ்பத்திரியில் 1971 அக்டோபர் 1-ஆம் தேதி முதல் ரோகியின் மூளை அவ்விதம் படமாயிற்று. மூளையை மட்டுமே பார்த்த அதைத் தேகம் முழுவதற்கும் அமெரிக்காவில் லெட்லி விரிவாக்கினார். காந்தத்தால் பார்க்கும் எம்.ஆர்.ஐ. முறையில் மனித தேகத்தை முதன்முதல் படம் பிடித்தவர் டமாடியன். 1977 ஜூலை 3-ஆம் தேதி, ஒரே ஒரு மார்புப் படத்துக்கு 4 மணி 45 நிமிஷம் ஆயிற்று. முதலில் தாமே யந்திரத்துக்குள் உட்கார்ந்து பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. தம்மைவிட மெலிந்த சீடர் ஒருவரை உட்காரவைத்த பிறகே படம் வந்தது. எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர் இல்லை, சி.டி.யில் உண்டு. இந்த ஒரு வித்தியாசத்தையாவது எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

நம் கிராமத்துப் பெண்கள் முதலில் பரிச்சயம் செய்துகொண்ட ஸ்கேன் இவை இரண்டுமன்று. கர்ப்பிணிகளுக்கு ஒலியலையால் எடுப்பது. அதுவும் பார்க்கத் தகாததைப் பார்க்கத் தொடங்கிப் பெண் சிசுக்களுக்கு யமனானபடியால், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதை 1994-ஆம் வருஷத்துச் சட்டம் குற்றமாக்கிற்று. பார்க்க முடிந்ததையெல்லாம் பார்த்துச் சொல்லிவிடலாகாது என்று அரசாங்கமே சட்டமியற்ற நேர்ந்த தேசம் நம்முடையது.

சௌக்கியமாக இருப்பவர்கள் பணம் கொடுத்து முழு உடல் சி.டி. எடுத்துக்கொள்ளும் மோகம் 2000-ஆம் வருஷத்தை ஒட்டி அமெரிக்காவில் மூண்டது. டெலிவிஷனில் புகழ்பெற்ற ஓப்ரா வின்ஃப்ரே தாம் எடுத்துக்கொண்டதைச் சொன்னதும் கடைவீதிகளில்கூட ஸ்கேன் நிலையங்கள் திறக்கப்பட்டன. பிறகு ஆராய்ச்சிகள் வரத் தொடங்கின. அப்படி வந்த 1,192 பேரை ஆராய்ந்து 2005-இல் வெளியான கட்டுரையில், 86 சதவீதத்தினருக்கு ஏதாவது ஒரு மாறுபாடு தென்பட்டிருந்தது. 37 சதவீதத்தினர் மேற்கொண்டு சோதனை செய்துகொள்ளும்படி அனுப்பப்பட்டார்கள். நூற்றில் எண்பத்தாறு பேர் பழுதுள்ளவர்கள் என்றால், பழுதென்று நாம் எண்ணுவதில்தான் ஏதோ பிழை இருக்கவேண்டும்! ஈரலில் ஒரு நீர்க்கட்டி, சிறுநீரகத்தில் ஒரு முடிச்சு, நுரையீரலில் ஒரு கடுகளவுப் புள்ளி ஆகியவை வயதான தேகத்தில் நரைமயிர் போல் சாதாரணமானவை. ஆயினும் காகிதத்தில் அச்சானபின் அவற்றை அலட்சியம் செய்ய யாருக்கு மனம் வரும்? மற்றொரு ஸ்கேன், அதன்பின் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்தல், சில சமயம் வேண்டாத அறுவை என்று காரியம் நீளும். ப்ரென்னர் என்ற விஞ்ஞானியும் அவர் சகாவும் 2004-இல் கணக்கிட்டபடி, 45 வயதில் ஒரு தடவை முழு உடல் சி.டி. எடுத்துக்கொள்வதால் பின்னாளில் புற்றுநோயால் மரணமடையும் அபாயம் ஏறத்தாழ 1,250-க்கு ஒன்று. அதையே 75 வயது வரை வருஷந்தோறும் எடுத்தால் 50-க்கு ஒன்று. புதிய யந்திரங்களில் கதிரின் அளவு குறைந்திருப்பது உண்மை, இல்லாமற் போகவில்லை. அந்த மோகம் தணிந்து, 2023-இல் எம்.ஆர்.ஐ. ரூபத்தில், ஏறக்குறைய 2,500 டாலர் கட்டணத்தோடு, வேறு பிரபலங்களின் வாயால் மறுபடி கிளம்பிற்று. அவ்வருஷமே அமெரிக்கக் கதிரியல் கல்லூரி, அறிகுறியற்றவர்களுக்கு இதைச் சிபாரிசு செய்யப் போதிய ஆதாரம் இல்லையென்று அறிவித்துவிட்டது. படம் எடுப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்டவர்களின் சங்கம் படம் வேண்டாம் என்கிறது. இதைவிட நம்பத்தக்க சாட்சி வேறென்ன வேண்டும்?

தென்கொரியாவில் நடந்ததை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மற்றச் சோதனைகளோடு கழுத்துக்கும் ஒலியலை ஸ்கேன் சொற்பக் கட்டணத்தில் சேர்த்துக் கொடுத்தார்கள். 1993-க்கும் 2011-க்கும் இடையே தைராய்டு புற்றுநோய் என்று கண்டறியப்பட்டோர் விகிதம் 15 மடங்கு ஏறிற்று. அந்நோயால் இறந்தவர் விகிதமோ இருந்தபடியே இருந்தது. அந்நோய் மெய்யாகவே பெருகியிருந்தால் மரணமும் பெருகியிருக்கவேண்டும். சீக்கிரம் கண்டு பிழைக்கவைத்திருந்தால் மரணம் குறைந்திருக்கவேண்டும். இரண்டும் இல்லை. வாழ்நாள் முழுவதும் சும்மா கிடந்திருக்கக்கூடிய கட்டிகளுக்காக ஆயிரக்கணக்கானோர் சுரப்பியை இழந்து தினந்தோறும் மாத்திரை விழுங்குகிறார்கள்; அவர்களில் பலர் தம்மை ஸ்கேன் காப்பாற்றியதாகவே உறவினருக்கும் சிபாரிசு செய்கிறார்கள் என்பதுதான் இதிலுள்ள விசித்திரம்.

நமக்கும் ஒரு ஸ்கேன் காலம் வந்துபோயிற்று. 2021-இல் கொரோனாவின் இரண்டாவது அலையின்போது லேசான ஜுரக்காரர்களெல்லாம் மார்பு சி.டி.க்கு ஓடினார்கள். ஒரு சி.டி. 300 முதல் 400 மார்பு எக்ஸ்ரேக்குச் சமம் என்று மே மாதத்தில் டில்லி எய்ம்ஸ் டைரக்டர் எச்சரித்தார். அது பழைய யந்திரங்களின் கணக்கு, இப்போது ஐந்து பத்து எக்ஸ்ரே அளவுதான் என்று கதிரியல் வைத்தியர் சங்கத்தார் மறுத்தார்கள். எண்ணைப் பற்றித்தான் சண்டை. லேசான நோய்க்குப் படம் வேண்டாம் என்பதில் அபிப்பிராய பேதம் இருக்கவில்லை.

இவ்வளவும் சொல்வதால், நோய் முற்றுமுன் தேடுவதே வீண் என்று கருதிவிடலாகாது. அப்படித் தேடி உயிர் காத்ததற்குத் தமிழ்நாட்டைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. திண்டுக்கல் ஜில்லாவின் 114 பஞ்சாயத்துக்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் 30 முதல் 59 வயதுள்ள பெண்களின் கர்ப்பப்பை வாயில், காடியின் சத்தான அசெட்டிக் அமிலத்தைத் தடவி வெள்ளையாக மாறுகிறதா என்று பயிற்சிபெற்ற நர்ஸுகள் வெறுங் கண்ணால் பார்த்தார்கள். 2007-இல் வெளியான முடிவின்படி, பார்க்கப்பட்ட ஊர்களில் அந்தப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் நேர்ந்த மரணம் 35 சதவீதமும் குறைந்தன. திருவனந்தபுரத்தில், புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களின் வாயைத் திறந்து பார்க்கும் சோதனை வாய்ப்புற்று மரணத்தை 34 சதவீதம் குறைத்தது. கோடி ரூபாய் யந்திரத்தின் முழு உடல் படத்துக்கு இப்படி ஒரு கணக்கை இன்றுவரை யாரும் காட்டவில்லை. புதுக்கோட்டையிலே பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தைப் பல வருஷம் சுமந்து, 1954-இல் அடையாற்றில் கான்ஸர் இன்ஸ்டிடியூட்டைத் தொடங்கினார். அவர் பிறந்த ஜில்லாவின் பெண்கள் ஐந்து நிமிஷச் சோதனைக்கு நாணிக்கொண்டு, ஆயிரக்கணக்கில் கொடுத்து ரத்தப் பட்டியல் வாங்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

சர்க்காரும் இந்தத் துறையில் சும்மா இருந்ததில்லை. 1999-இல் தொடங்கிய வருமுன் காப்போம் திட்டம், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 2016-இல் வந்த அம்மா மாஸ்டர் ஹெல்த் செக்கப், 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம், 2025 ஆகஸ்டில் நலம் காக்கும் ஸ்டாலின் முகாம்கள் என்று பெயர்கள் மாறி மாறி வந்தன. 2017-இல் புதுக்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரியும் ஏற்பட்டபடியால், மெய்யாகவே ஸ்கேன் தேவைப்படுகிற கீரமங்கலத்தார் தஞ்சாவூருக்கு ஓடவேண்டிய நிர்ப்பந்தம் ஓரளவு குறைந்தது. முகாம்களில் பார்ப்பது ரத்த அழுத்தம், சர்க்கரை, இருதயப் படம், தேவைப்பட்டவருக்கு வயிற்று ஸ்கேன் போன்றவை. கஜா புயலில் தென்னையை இழந்து இன்னும் தலைநிமிராத குடும்பங்கள் இந்தப் பகுதியில் இருக்கின்றன. அவர்களைத் திடீரென்று சாய்ப்பது பெரும்பாலும் ஸ்கேனில் ஒளிந்திருக்கும் கட்டியன்று, கையில் பட்டை கட்டி அளக்கக்கூடிய ரத்த அழுத்தமே.

முழு உடல் ஸ்கேனால் நிஜமாகவே பயனடைகிற சிலரும் உண்டு. லி-ஃப்ராமெனி என்ற அபூர்வமான பரம்பரைக் குறை உள்ள குடும்பத்தினர், சிறு வயதிலேயே பலவிதப் புற்றுகளுக்கு ஆளாகிறபடியால் அவர்களுக்கு வருஷாந்தர எம்.ஆர்.ஐ. சிபாரிசு செய்யப்படுகிறது. பல வருஷம் கடுமையாகப் புகைபிடித்தவர்களுக்குக் குறைந்த கதிர் அளவில் மார்பை மட்டும் சி.டி. எடுப்பது நுரையீரல் புற்று மரணத்தை 20 சதவீதம் குறைப்பதாக அமெரிக்காவில் 2011-இல் நிரூபிக்கப்பட்டது; க்ஷயத் தழும்புகள் மலிந்த நம் தேசத்தில் அதைப் படிப்பது அங்கேபோல் சுலபமன்று. மற்றவர்கள் எவ்வளவு ஆசைப்பட்டாலும், எந்த வியாதியைத் தேடுகிறோம், தென்பட்டால் அடுத்தபடி என்ன, அதற்கு யார் செலவு செய்வார்கள் என்று தங்கள் வைத்தியரைக் கேட்டுவிட்டுத் தீர்மானிப்பதே முறை.

ஏற்கெனவே எடுத்துக்கொண்டவர்களுக்கும் செய்யவேண்டியது ஒன்றுண்டு. பழைய படங்களை, வெளிநாட்டு மெடிக்கலுக்கு எடுத்த எக்ஸ்ரே உள்பட, தூர எறியாமல் பீரோவில் பத்திரப்படுத்த வேண்டும். தகட்டில் கொடுத்திருந்தால் தகட்டையும், வெறும் ரிப்போர்ட் மட்டும் கொடுத்திருந்தால் படத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். நுரையீரலில் திட்டமாகத் தெரியும் ஒரு சிறு புள்ளி இரண்டு வருஷத்துக்கு முந்திய படத்திலும் அதே இடத்தில், அதே அளவில் இருந்தால், கதிரியல் வைத்தியர் பெரும்பாலும் அதைத் தழும்பென்று தீர்த்து ஊசியும் கத்தியும் இல்லாமலே ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.